நாயுருவி வேர் கொண்டுவந்த தம்பிக்கு

என் தம்பியன் ராசுவுக்கு, சாறம் முழுக்க நாயுருவி விதை ஒட்டியிருக்க, அதோடேயே என் புதுக் கதிரையில் வந்து சாய்கிற என் செல்லத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய் ஒரு வருசமாகி, உன் ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. ஐயர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மழையும் மத்தியானம் வரைக்கும் விட்டுத் தந்தது. உனக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பை உன் மனிசி வதனி மச்சாள் தன் கையாலேயே வைத்தா. உன் பங்கை இலையில் வைத்துப் படைத்துவிட்டு, காகம் வரும்வரை கிணற்றடியில் நின்றுகொண்டே இருந்தா. வந்தது, சாப்பிட்டது, போனது. நீதானோ அது? நீயென்றால் இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பாய்.

வயலை இந்த முறை குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். உன் மகள் அபிரா உயர்தர வகுப்பில் உயிரியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரு என்றால் நிற்பாள், நில் என்றால் இருப்பாள், அப்படியே உன் குணம். உன் மோட்டச்சைக்கிளை விற்க வதனி மச்சாள் விடவில்லை. கிழமைக்கு ஒருதரம் அதை ஸ்ராட் பண்ணி, கொஞ்ச நேரம் உறும விட்டு, பிறகு நிற்பாட்டிவிட்டு உள்ளே போகிறா. ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். எலிக்காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அந்த ஐந்து நாளும் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அக்கா, என்ர வேர் என்ன சொல்லுது?" கண் மஞ்சளித்துப் போய், உதடு வெடித்துக் கிடக்கும்போதும் உனக்கு அந்த வேரின் கதைதான். "நல்லாத்தான் சொல்லுது, நீ முதல் எழும்பு" என்றேன். நீ எழும்பவில்லை. வேர் உண்மையில் என்ன சொன்னது என்று எனக்கு இப்போதுதான் விளங்கியிருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நான் வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிறேன். எங்கள் சனம் மருந்தென்று அவித்துக் குடிக்கிற, அரைத்துப் பூசுகிற செடிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே என்ன சரக்கு இருக்கிறது, அது உடம்பில் உண்மையாகவே என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. நீ முள்ளியவளையில் வயல் செய்தாய். பட்டம் பதவி ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வேலியோரத்தில் எந்தச் செடி நிற்கிறது, எது பூத்துவிட்டது, எதை மாடு கடித்துவிட்டது என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் புதினம் போலச் சொல்லுவாய். எனக்கு வேர் தேவை, உனக்கு வேர் நிற்கிற இடம் தெரியும். அப்படித்தான் என் ஆய்வுக்குள் நீ வந்தாய்.

நாயுருவியை நான் கேட்கவில்லை. நீயாகத்தான் கொண்டுவந்தாய். சண்டை முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்த காலத்தில், தண்ணீர் வரிசையில் நின்று நின்று அம்மாவின் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. நீ முள்ளுக்கம்பி ஓரமாக நின்ற நாயுருவியை வேரோடு பிடுங்கி அவித்துக் கொடுத்தாய். நாலு நாளில் வீக்கம் வற்றியது. மருந்தால் வற்றியதா, அம்மாவை இருத்திவிட்டு வரிசைக்கு நீயே வாளியோடு போனதால் வற்றியதா? நான் அப்போதே இப்படித்தான் கேட்டேன். உனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "படிச்சவைக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றாய். எத்தனையோ வருசம் கழித்து, ஒரு சாக்கு வேரோடு நெளுக்குளத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "இந்தா, இப்ப பார்" என்றாய். அந்தச் சந்தேகத்தை நீ அத்தனை வருசம் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாய்.

முதல் சாக்கு சரிவரவில்லை. ஈரம் காயாமல் கட்டியதால் பூஞ்சணம் பிடித்து, வாயை அவிழ்த்ததும் மணம் தாங்க முடியவில்லை. எனக்கு முன்கோபம் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிற நசீர் நானாவின் முன்னாலேயே உன்னை ஏசிப் பேசினேன்.

"இதென்னடா, மாட்டுக்கு வைக்கல் கட்டுற மாதிரிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்? வடிவாக் கழுவி, நிழலில காயவைச்சு, பூஞ்சணம் இல்லாமல் கொண்டு வா. இல்லாட்டிக் கொண்டு வராதை."

நீ தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நீ போன பிறகுதான் நசீர் நானா சொன்னார், "மிஸ், தம்பி சாப்பிடாமப் போறார்." நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டாம் முறை கொண்டுவந்தாயே, அதல்லவோ வேர்! ஒரே அளவாக வெட்டி, கழுவி, கையில் எடுத்தால் சலசலக்கிற பதத்தில் காய்ந்து, இலேசான பொன் நிறத்தில் இருந்தது. நான் அச்சடித்துத் தந்த படிவத்தில் இடம், நாள், நேரம், மண், நிறை என்று எல்லாக் கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பியிருந்தாய். "இப்ப சரியோ?" என்று கேட்டாய். "இப்பதான் சரி" என்றேன். நீ சுத்தமாகக் கழுவிக் கொண்டுவந்ததால் நாங்கள் மறுபடி கழுவவில்லை. கழுவியிருக்க வேண்டும். அது எங்கள் வேலையில் முதல் பாடம். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேரை இடித்து, மெதனோலில் ஊறப்போட்டு, வடித்து, வற்றவைத்தோம். வந்த சாரத்தில் ஒரு துளியை டி.எல்.சி. தகட்டில் வைத்தோம். அது வெள்ளைப் படலம் பூசிய சின்னத் தகடு. கரைப்பானுக்குள் நிறுத்திவிட்டால் ஈரம் மேலே ஏற ஏற, சாரத்துக்குள் கலந்திருக்கிற சரக்குகள் தனித்தனிப் புள்ளியாகப் பிரிந்து நிற்கும். உன் வேரில் மூன்று மஞ்சள் புள்ளிகள் வந்தன. நாயுருவி வேரைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரையிலும் அப்படி ஒன்று இல்லை. யு.வி. விளக்கின் கீழே பிடித்தால் பளீரென்று ஒளிர்ந்தன. நசீர் நானா "மாஷா அல்லாஹ்" என்றார். நான் அவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் திரண்டுவிடும் அல்லவா? வீக்கத்துக்கு நல்ல மருந்தென்றால் அந்தத் திரளலை ஓரளவுக்குத் தடுக்கும். எங்களைப் போன்ற சின்ன ஆய்வுகூடங்களில் முதலில் வைத்துப் பார்க்கிற சோதனை அது. உன் வேரின் மஞ்சள் அதை நன்றாகவே தடுத்தது. உடனே உனக்குப் போன் எடுத்தேன். நீ வயலுக்குள் நின்றாய். தண்ணீர்ப் பம்பின் இரைச்சலுக்கு மேலால் கத்தினாய்.

"அக்கா, அப்ப அம்மான்ர கால் வத்தினது மருந்தாலதானே?"

"ஓமடா, அப்பிடித்தான் போல கிடக்கு."

நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதுக்குள் இருக்கிறது.

ஆய்வுக் குறிப்பை எழுதினேன். வேர் எடுத்துத் தந்தவருக்குக் கடைசியில் சின்ன எழுத்தில் நன்றி சொன்னால் போதும் என்று சிலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஆசிரியர் வரிசையில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் போட்டேன். அது அச்சாகி வந்தபோது நீ இல்லை. மச்சாள் அதன் முதல் பக்கத்தைப் பிரேம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினா. முழுக்க ஆங்கிலம். அபிராவைத் தவிர வீட்டில் யாருக்கும் ஒரு வரி விளங்காது. ஆனாலும் வருகிற ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய், உன் பெயரை விரலால் தொட்டுக் காட்டுவா.

அந்த மஞ்சள் சரக்கைத் தனியே பிரித்தெடுத்து, கொழும்பில் இருக்கிற ரேணுவுக்கு அனுப்பினேன். ரேணுவை உனக்குத் தெரியும், என்னோடு ஒன்றாகப் படித்தவள், உன்னை "சின்ன வாத்தியார்" என்று பகிடி பண்ணுகிறவள். ஒரு சரக்கின் உருவத்தை அணு அணுவாகச் சொல்லுகிற இயந்திரம் அவளுடைய ஆய்வுகூடத்தில் இருக்கிறது. புதுச் சரக்கென்றால் அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். உன் பெயரை எப்படி அதற்குள் கொண்டுவரலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் பரவாயில்லை, யோசித்தேன்.

ஒரு நாள் ரேணு போன் எடுத்தாள்.

"அடியே, நிக்கிறியோ, இருக்கிறியோ?"

"நிக்கிறன். ஏன்?"

"இரு முதல். உது குர்குமின்."

"என்ன?"

"குர்குமினடி விசரி. கறிக்குப் போடுற மஞ்சள்தூளில இருக்கிறது. மூண்டு புள்ளி எண்டு எழுதியிருக்கிறாய், அதுவும் அப்பிடியே மஞ்சள்தூள்தான். வேரை ஆய்வுகூடத்தில வைச்சனியோ, குசினியில வைச்சனியோ?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது முதலில். தினமும் கறிச்சட்டிக்குள் பார்க்கிற சாமான். இத்தனை வருசம் இரசாயனம் படித்த ஒருத்தி, அதைத் தகட்டில் கண்டபோது ஆர், எவர் என்று தெரியாமல் முழித்திருக்கிறாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அச்சில் வந்துவிட்டதே! பிரேம் போட்டு மாட்டியாயிற்றே!

எங்கிருந்து வந்தது? நான் முதலில் பழி போட்டது நசீர் நானாவின் சாப்பாட்டுப் பெட்டியில். அந்த மனிசன் கோபப்படவில்லை. "மிஸ், நான் சாப்பிடுறது வெளிய மரத்துக்குக் கீழ. கை கழுவாம ஒரு போத்தலும் தொட்டதில்ல. நம்ம வேலியோரத்தில நாயுருவி நிக்குது, அதையும் ஒருக்காப் பார்ப்பமே" என்றார். பார்த்தோம். வேலியோரத்து வேரில் மஞ்சள் இல்லை. உன் சாக்கில் மிச்சம் இருந்த வேரை எடுத்துப் பார்த்தோம். இருந்தது. பிறகு அவர் அலுமாரிக்குள் இருந்து நீ கொண்டுவந்த, நாங்கள் இன்னும் சோதிக்காத மற்றப் பொதிகளை எடுத்தார். நன்னாரி, வில்வம், சிற்றாமுட்டி. எல்லாவற்றிலும் அதே மூன்று புள்ளி, அதே உயரத்தில். நசீர் நானா தகடுகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன், ராசு. வேர் வெளிறித் தெரியக்கூடாது, அக்கா பேசக்கூடாது என்று நீ நிறம் பூசிவிட்டாய் என்று நினைத்தேன். ஏன் நினைக்கமாட்டேன்? எட்டாம் வகுப்பில் காய்ந்த இலைகளை ஒட்டி அல்பம் செய்யச் சொன்னபோது, நிறம் போன பூவுக்குச் சிவப்பு மையும் இலைக்குப் பச்சை மையும் பூசி, முதல் பரிசு வாங்கி வந்தவன் அல்லவா நீ? அம்மா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்தேன். அன்றைக்கு மேசையில் அந்தத் தகடுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "படுபாவி, என்னையே ஏமாத்திப் போட்டியே" என்று உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன்.

அடுத்த நாள் காலையில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். நெடுங்கேணி தாண்டும் வரைக்கும் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மனிசி, "பிள்ளை, உடம்புக்கு ஏலாமல் கிடக்கோ?" என்று கேட்டா. என் உதடு அசைந்திருக்க வேண்டும்.

மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. அபிரா படிக்கிற கதிரையில் இருந்தாள். தேத்தண்ணி குடித்து முடிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"மச்சாள், ராசு வேருக்கு நிறம் ஏதும் பூசினவனோ?"

"நிறமோ? வேருக்கு ஆர் நிறம் பூசுறது?" என் கேள்விக்குள் இருந்த குத்து அவவுக்கு விளங்கவில்லை. "பேசின் சட்டிக்குள்ள மஞ்சள் தண்ணி கரைச்சுக் குளிக்க வார்க்கிறவர், அதையோ கேக்கிறியள்?"

"ஆருக்குக் குளிக்க வாக்கிறது?"

"வேருக்குத்தான். உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. மச்சாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, ஏதோ எல்லோர் வீட்டிலும் நடக்கிற காரியம் போலச் சொன்னா.

"விடியப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தி, நூல் கட்டி, மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் பிடுங்குவார். பிறகு இஞ்ச கிணத்தடியில கொண்டந்து கழுவி, மஞ்சள் தண்ணி தெளிப்பார். 'உயிரை எடுத்திருக்கிறம், குளிக்க வாக்காமல் அனுப்பக்கூடாது' எண்டுவார். முந்தி ஒரு கை தண்ணிதான் தெளிக்கிறவர் மச்சாள். நீங்கள் பூஞ்சணம் பிடிச்சதெண்டு பேசினனீங்களாம். அதுக்குப் பிறகு மஞ்சளைக் கொட்டிக் கரைச்சு, வேரை அப்பிடியே முக்கி முக்கி எடுத்தவர். 'இனிப் பூஞ்சணம் கிட்டவும் வராது, அக்கா சந்தோசப்படுவா' எண்டவர்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"ஏன் மச்சாள் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்ல வேண்டாமெண்டவர்." மச்சாள் விளக்குமாற்றை மறுபடி கையில் எடுத்தா. "நீங்கள் சிரிப்பியளாம்."

ஓம், சிரித்தேன். அதை நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. முதல்முதல் ஆய்வுகூடத்துக்கு வந்த நாள், "வெள்ளிக்கிழமையில வேர் எடுக்கிறேல்லை அக்கா" என்று நீ சொன்னாய். "ஏனடா, செடி கலண்டர் பார்க்குமோ?" என்று கேட்டுவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் நின்ற மாணவர்களும் சிரித்தார்கள். நீயும் எங்களோடு சேர்ந்து சிரித்தாய். அன்றோடு வேர் எடுக்கிற விதம் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் தந்த படிவத்தில் எத்தனை கட்டம் இருந்தது! எப்படி எடுத்தாய், எடுத்த பிறகு என்ன செய்தாய் என்று கேட்க ஒரு கட்டம் இருந்ததா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். நீ ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடுகிறவன் இல்லை.

அபிரா எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அத்தை, அந்தக் கட்டுரை இனிப் பிழையோ?"

"ஓமம்மா. திருத்தம் எழுதோணும்."

"அப்பா கள்ளம் செய்தவர் எண்டு எழுதுவியளோ?"

மச்சாள் என்னைப் பார்த்தா. அப்போதுதான் அவவுக்கு நான் எதற்காக வந்தேன் என்று விளங்கியிருக்க வேண்டும். நான் அபிராவின் பக்கம் திரும்பி, "இல்லையடா, இல்லை" என்று தலையைத் தடவினேன். மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மச்சாள் வழமை போலத்தான் பரிமாறினா. ஆனால் வழமை போலக் கதைக்கவில்லை.

திரும்பி வந்து கட்டுரை வெளிவந்த சஞ்சிகைக்கு எழுதினேன். நல்ல மனிதர்கள், மரியாதையாகவே பதில் போட்டார்கள். பிழை வேர் சேகரித்தவரால் நேர்ந்தது என்று ஒரு வரி எழுதி, ஆசிரியர் வரிசையில் இருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டால் காரியம் இலகுவாக முடியும் என்று ஒரு யோசனை சொன்னார்கள். ஆள் இப்போது உயிரோடும் இல்லையே என்றார்கள். எனக்கு அது ஒரு விதத்தில் வசதிதான். என் பதவி, என் பெயர், என் மாணவர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். நீயும் வந்து மறுக்கப் போவதில்லை. ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் அதை யோசித்தேன் என்பதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நசீர் நானாவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். "எங்கட வாப்பாவும் வல்லாரை பறிக்க முன்னம் அல்லாஹ்ட பேரச் சொல்லி பிஸ்மி ஓதுவார், மிஸ். அதை நான் ஒருக்காலும் உங்களுக்குச் சொன்னதில்ல" என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

வேலியோரத்து நாயுருவியை, மஞ்சள் படாத வேரை, மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தோம். வெள்ளைக்கரு திரள்வதை அது கொஞ்சம் தடுக்கிறது. மிகவும் கொஞ்சம். இருக்கிறது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. முகாமுக்குள் உனக்கு மஞ்சள் எங்கிருந்து கிடைத்திருக்கும்? அப்படியென்றால் அம்மாவின் கால் எதனால் வற்றியது? வேரா, ஓய்வா, நீ தூக்கின வாளியா? தெரியாதடா. போனில் உனக்கு "ஓமடா" என்று சொன்ன வாயால் இப்போது தெரியாது என்று சொல்கிறேன். இன்னும் பார்க்க வேண்டும், வடிவாகக் கழுவின வேரில்.

திருத்தம் போன மாதம் அச்சில் வந்தது. உன் பெயரை எடுக்க நான் விடவில்லை. எடுத்தால் பிழை உன்னுடையது என்று ஆகிவிடும். என்ன எழுதினேன் என்று உனக்குத் தமிழில் சொல்கிறேன். "இந்த வேர்கள், அவற்றைச் சேகரித்தவரின் வழக்கப்படி, மஞ்சள் கரைத்த நீரில் கழுவப்பட்டிருந்தன. அவர் இதை ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததும், வேரை மறுபடி கழுவாமல் சோதித்ததும் முதல் ஆசிரியரின் தவறுகள்." முதல் ஆசிரியர் நான். ஆட்டைத் திவசத்தன்று அதை அபிராவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு குசினிக்குள் போய்த் தாய்க்குத் தமிழில் சொன்னாள். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என் இலையில் இன்னும் ஒரு அகப்பை குழம்பை ஊற்றினா.

சஞ்சிகைக்கு நான் எழுதாதது ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அது தேவையில்லை, அவர்களுக்கு வேண்டியது வேரின் கணக்கு மட்டும்தான். ரேணுவிடம் சொல்லவில்லை. மச்சாளிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ தானாக ஊகித்ததோடு விட்டுவிட்டேன். பிள்ளை கேட்டபோதும் இல்லை என்று தலையைத் தடவிச் சமாளித்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்து எரிக்காமல், நாலு பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன். அபிராவும் வாசிக்கட்டும்.

ராசு, ஒரு பகலும் ஒரு இரவும், அடுத்த நாள் பஸ் நெடுங்கேணி தாண்டியும் கூட, நான் உன்னைக் கள்ளன் என்று நினைத்தேன். நான் சந்தோசப்பட வேண்டும் என்று கிணற்றடியில் குந்தியிருந்து ஒவ்வொரு வேராக முக்கி எடுத்த பிள்ளையைத்தான் அப்படி நினைத்தேன். என்னை மன்னித்துக்கொள்.

இனி எந்த வேர் என் மேசைக்கு வந்தாலும், அதைக் கொண்டுவந்தவரை முதலில் கதிரையில் இருத்துவேன். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் சிரிக்கமாட்டேன், ராசு. சத்தியமாகச் சிரிக்கமாட்டேன்.

உன்னைக் கேட்காமலே சந்தேகித்த,
உன் கூடப்பிறந்த அக்கா